நாலு மேட்ச், ரெண்டு கோல்

2025 அக்டோபர்

டேய் மாப்ள,

நம்ம இந்தியா ஃபுட்பால் டீம் சிங்கப்பூர்கிட்ட தோத்துச்சுன்னு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ்ல ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு, பாதியிலயே ஆஃப் பண்ணிட்டேன். சிங்கப்பூர்ல சம்பளம் வாங்குறவன் சிரிக்காம என்ன பண்ணுவ. ஆனா 9-ந் தேதி மொத மேட்ச்சுக்கு நீயும் அங்க நேஷனல் ஸ்டேடியத்துல நம்ம கொடிய போத்திக்கிட்டுத்தானடா உக்காந்திருந்த? நம்ம டிஃபெண்டர் ஜிங்கன் ரெட் கார்டு வாங்கி பத்து பேரோட ஆடி, 90-வது நிமிஷம் ரஹீம் அலி அடிச்சப்ப "நம்ம சென்னையின் கிளப்புல ஆடுன பையன்டா"ன்னு போன்ல கத்துனியே. அந்த 1-1தான் எங்களுக்கு வீணா ஆசைய காட்டிடுச்சு.

14-ந் தேதி ரெண்டாவது மேட்ச்சுக்கு ரவுண்டானா பக்கத்து பேக்கரில ஒரே போன், பிஸ்கட் ஜார்ல சாச்சு வச்சு அத சுத்தி அஞ்சாறு தல. நம்ம சாங்தே 14-வது நிமிஷம் பாக்ஸுக்கு வெளிய இருந்து உட்டான் பாரு, நான் எந்திரிச்ச வேகத்துல டீ முழுக்க பக்கத்துல இருந்தவன் சட்டைல. கடைக்காரரு "கிரிக்கெட்டா தம்பி?"ன்னாரு. அவர சொல்லி குத்தமில்ல, அன்னிக்கு காலைலதான் டெல்லில வெஸ்ட் இண்டீஸ 7 விக்கெட்ல ஜெயிச்சிருந்தாங்க, ஊரே அந்த குஷில இருந்துச்சு.

அப்புறம் 44-ல ஒண்ணு, 58-ல ஒண்ணு, ரெண்டும் அந்த சிங்கப்பூர் டீம் சோங் உய் யங். கோவாவுல, நம்ம வீட்ல வந்து அடிச்சுட்டு போறான். அதுக்கப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல இருந்துச்சுடா, பால இங்க தள்ளு அங்க தள்ளு, கடைசில ஒரு கிராஸ், உள்ள வாங்கி அடிக்க ஆள் இல்ல, அவ்ளோதான். 2019, 2023 ரெண்டு ஆசியக் கோப்பைக்கும் போன டீமு, 2027-ல சவூதில நடக்குற கோப்பைக்கு கிடையாது.

உடனே எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க, 140 கோடி பேர்ல 11 பேர் கிடைக்கலயான்னு. இந்த டயலாக்க கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வருது. 140 கோடி பேருமா பூட்ஸ் மாட்டிக்கிட்டு நிக்கிறான்? நீ தகுதிச் சுற்று கணக்க பாரு, ஷில்லாங்ல பங்களாதேஷோட 0-0, ஹாங்காங்ல கடைசி நேரத்துல பெனால்டி குடுத்து 0-1, இப்ப சிங்கப்பூரோட இந்த ரெண்டு. நாலு மேட்ச்ல ரெண்டு கோல், ரெண்டு பாயிண்ட். நம்ம ஊரு லீக்கு ஐஎஸ்எல்ல முக்காவாசி கிளப்பு முன்னாடி நிறுத்துறது ஃபாரின் ஸ்ட்ரைக்கர, நம்ம பசங்கள விங்குக்கு தள்ளி உட்டுர்றாங்க, இல்ல பெஞ்சு. அப்புறம் நேஷனல் டீமுக்கு மட்டும் கோல் அடிக்கிறவன் எங்கிருந்து வருவான்? இதுல செப்டம்பர்லயே ஆரம்பிக்க வேண்டிய லீக்கு, காண்ட்ராக்ட் தகராறுல இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கோச்ச மாத்தி என்னடா ஆகப்போகுது, காலித் ஜமீல் வந்தே ரெண்டு மாசம்தான் ஆச்சு.

இங்க நம்ம கிரவுண்டுலயும் அதே கததான். சாயங்காலம் நாலு பிட்ச் கிரிக்கெட்டு, மூலைல நம்ம பசங்க, செருப்ப வச்சு கோல் போஸ்ட்டு. ஒருத்தன் இருக்கான், எட்டாவது படிக்கிறான், இடது கால்ல அடிச்சா பால் வளைஞ்சு போய் விழுது. வெறுங்கால்லதான் ஆடுறான். அவங்கப்பா மாங்காய் லோடு ஏத்துறவரு, மேட்ச்னு சொன்னா எங்க, எவன் நடத்துறான்னு கேக்குறாரு. நான் என்னன்னு சொல்றது.

நவம்பர் 18 டாக்கால பங்களாதேஷோட இருக்கு, ஒப்புக்குச் சப்பாணி மேட்ச்சு. லீவு போட்டு பாக்குற அளவுக்கு இல்ல, ஆனா ராத்திரிதான்னா போன் போடு, சேந்து திட்டலாம்.

அம்மா உன்ன கேட்டுச்சு, தீபாவளிக்கு வர மாட்டியாமேன்னு ஒரே பொலம்பல். பொங்கலுக்கு வர்றப்ப அந்த பையனுக்கு ஒரு பூட்ஸ் வாங்கிட்டு வா, சைஸ் அளந்து அனுப்புறேன். காசு நான் தர்றேன், சண்ட போடாத.