உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே தங்கிவிடும் திருத்தங்கள்

மென்பொருள் நிறுவனங்களில் சர்வர் பிரிவுகளுக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினியில் எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று கணக்குச் சொல்லும் சிறிய கட்டற்ற கருவி ஒன்றைப் பராமரிப்பவர்களில் நானும் ஒருவன். இந்த வகைக் கருவி ஒன்றாவது உங்கள் சர்வர்களில் இருக்கும். நள்ளிரவில் நினைவகம் தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏதோ ஒரு ப்ராசஸைக் கொன்றுவிட்டால், பணியில் இருக்கும் உங்கள் பொறியாளர் முதலில் தேடுவது இப்படிப்பட்ட கருவி தரும் எண்ணைத்தான். அந்த எண்ணின் பின்னால் இருக்கும் வேலையைச் சொல்லி, உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

நினைவகத்தைக் கூட்டிச் சொல்வதில் என்ன சிரமம் என்று பலரும் கேட்கிறார்கள். 64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு, பல ப்ராசஸ்கள் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு நினைவகமாக 16 ஜிபி ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ். அப்படி 40 இணைப்புகள். அவை ஒவ்வொன்றும் நாளடைவில் அந்தப் பகிர்வுப் பகுதி முழுவதையும் தொட்டுவிட்டால், ஆர்எஸ்எஸ் என்னும் பழைய அளவீடு ஒவ்வொன்றின் பெயரிலும் அந்த 16 ஜிபியை எழுதிவிடும். கூட்டினால் 640 ஜிபி. இருப்பதோ 64!

2008-இல் வந்த 2.6.25 கெர்னல் இதற்கு வழி செய்தது. அடுக்ககத்தில் பொது மோட்டாரின் மின்கட்டணத்தை வீடுகளுக்குப் பங்கிடுவதுபோல, ஒரு நினைவகப் பக்கத்தை (கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் சிறு துண்டு) எத்தனை ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்கின்றனவோ அத்தனையால் வகுத்து, ஒவ்வொன்றின் கணக்கிலும் அதன் பங்கை மட்டும் எழுதும் பிஎஸ்எஸ் என்னும் அளவீடு அதில்தான் வந்தது. மேட் மெக்கால் எழுதிய எஸ்மெம் என்னும் கருவி அந்த எண்ணை நிர்வாகிகளின் கைக்குக் கொண்டுவந்தது. பைத்தானில் எழுதுபவர்களுக்கு பிஎஸ்யூட்டில் என்னும் நிரலகம் 2016 முதல் அதைத் தருகிறது.

அத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. பிஎஸ்எஸ் கணக்கிட, எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அந்த ப்ராசஸின் பக்க அட்டவணையைக் கெர்னல் முழுதாக நடந்து பார்க்க வேண்டும். பெரிய ப்ராசஸ் என்றால் அந்தக் கணக்கைக் கெர்னல் எழுதித்தரும் எஸ்மேப்ஸ் கோப்பு பல்லாயிரம் வரிகளுக்கு நீளும். அதை நொடிக்கு ஒருமுறை படிக்கும் கருவி, தான் அளக்க வந்த சர்வரையே மந்தமாக்கிவிடும். 2017-இல் 4.14 கெர்னல் கூட்டுத்தொகையை மட்டும் தரும் ஒரு கோப்பைச் சேர்த்தது. ஆகவே கருவி அந்தக் கோப்பு இருந்தால் அதைப் படிக்க வேண்டும். இல்லையென்றால் பழைய வழியில் போக வேண்டும். இரண்டு வழியிலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும். பராமரிப்பு என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இன்னும் இருக்கிறது. 2014-இல் 3.14 கெர்னல் வரும்வரை, புதிய ப்ராசஸ்களுக்கு எவ்வளவு நினைவகம் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு கருவியும் தன் சொந்தச் சூத்திரத்தால் ஊகித்தது. கோப்புகளின் நகலை நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷ் முழுவதையும் காலி இடமாகக் கருதிய சூத்திரங்கள் பிழையானவை. ஏனென்றால் பகிர்வு நினைவகமும் அந்தக் கேஷ் கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது, அதைத் தூக்கி எறிய முடியாது. கெர்னலே அந்த மதிப்பீட்டைத் தரத் தொடங்கியதும் நினைவக நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீ கட்டளையின் வெளியீடும் மாறியது. எந்த எண் எந்த இடத்தில் வரும் என்பதை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எத்தனையோ உடைந்தன. பிறகு, ஒரே இயந்திரத்தில் நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னர்கள் வந்தன. கண்டெய்னருக்குள் இருந்து ஃப்ரீ கட்டளையைக் கொடுத்தால், பெரும்பாலும் வெளியே உள்ள முழு இயந்திரத்தின் ரேம்தான் தெரியும். கண்டெய்னரின் வரம்பை, ப்ராசஸ் குழுக்களுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் கோப்புகளில் தேட வேண்டும். அவற்றின் பெயர்களும் இரண்டாம் பதிப்பில் மாறிவிட்டன. ஹியூஜ் பேஜ் என்னும் பெரிய பக்க வசதிக்காக முன்பே ஒதுக்கி வைத்த பக்கங்கள் ஆர்எஸ்எஸ் கணக்கில் வருவதே இல்லை.

இவற்றில் பலவற்றை உங்கள் பொறியாளர்கள் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவர்களிடம் உண்மையான சுமை இருக்கிறது, நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் இருக்கின்றன. கண்டுபிடித்து, திருத்தி, நிறுவனத்தின் உள் களஞ்சியத்தில் வைத்துவிடுகிறார்கள். சிகுரூப் இரண்டாம் பதிப்பில் எங்கள் கருவி தவறான வரம்பைக் காட்டுகிறது என்று ஒரு வழு அறிக்கை வந்தது. நாங்கள் பல வாரம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியாளர் தனிப்பட்ட முறையில் எழுதினார்: இதை நாங்கள் போன வருடமே சரிசெய்துவிட்டோம், ஆனால் வெளியே அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை என்று. அவர் எழுதிய விதத்திலேயே அவருடைய சங்கடம் தெரிந்தது. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அனுமதி மறுக்கும் நடைமுறைதான் என் வருத்தம்.

சட்டப்படி நீங்கள் எதையும் மீறவில்லை. ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி, மென்பொருளைப் பிறருக்கு விநியோகிக்கும்போதுதான் மூலநிரலைத் தரும் கடமை பிறக்கிறது. அலுவலகத்துக்குள் மாற்றிப் பயன்படுத்துவதற்குத் தடையே இல்லை. ஆனால் உள்ளே வைத்துக்கொள்ளும் திருத்தத்துக்கு நீங்களும் விலை கொடுக்கிறீர்கள். கருவியின் ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் அதை மறுபடி பொருத்த வேண்டும். எழுதியவர் வேலை மாறிப் போனால், ஏன் எழுதினார் என்பதும் அவரோடு போய்விடும்.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலும் ஒருவரே பல ஆண்டுகள் தாங்கிவந்த திட்டம் அது. வேலை தாமதமாகிறது என்று அறிமுகமற்ற கணக்குகள் அவரை நெருக்கின. உதவிக்கு வந்ததாகக் காட்டிக்கொண்டவர் படிப்படியாக நம்பிக்கையைப் பெற்று, கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய உதவும் பின்வாசலை அதில் நுழைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதைக் கவனித்து அதைப் பிடித்தவர் போஸ்ட்கிரெஸில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். சின்ன வித்தியாசத்தை விடாமல் துருவிய ஒரு பொறியாளரும், அதைத் துருவ அவருக்கு இருந்த நேரமும் எத்தனை சர்வர்களைக் காப்பாற்றின! எங்கள் கருவி ரூட் என்னும் முழு நிர்வாக உரிமையோடு ஓடுகிறது, ஏனென்றால் பிறருடைய ப்ராசஸ்களின் எஸ்மேப்ஸைப் படிக்க அது தேவை. அப்படிப்பட்ட ஒன்றை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்கிறோம்.

நன்கொடை வந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். ஆனால் நான் கேட்பது அதுவல்ல. இந்தக் கருவிகளில் உங்கள் பொறியாளர்கள் செய்யும் திருத்தங்களை வெளியே அனுப்ப ஒருமுறை பொது அனுமதி கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சட்டப் பிரிவின் படியேற வைக்காதீர்கள். அந்த வேலைக்கு அலுவலக நேரத்தையே ஒதுக்குங்கள். பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்வதையும் அவர்களுடைய பணியாகக் கணக்கில் எடுங்கள், பதவி உயர்வு மதிப்பீட்டிலும் சேர்த்து. எங்களுக்கு நிரல் எழுதுபவர்களைவிட, எழுதியதைச் சரிபார்ப்பவர்கள்தான் மிகக் குறைவு.

இப்போதே தொடங்க ஒரு வேலை காத்திருக்கிறது. வழக்கமான இன்டெல் சர்வரில் நினைவகப் பக்கம் 4 கேபி. சில ஆர்ம் சர்வர்களில் அது 64 கேபி. பக்கம் 4 கேபிதான் என்று எங்காவது நிரலில் எழுதிவைத்திருந்தால், அங்கே எண் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எங்கள் நிரலில் அப்படி ஓரிடம் இன்னும் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறோம். சோதித்துப் பார்க்க எங்களிடம் அந்த இயந்திரம் இல்லை. உங்களில் பலரிடம் இருக்கிறது. ஒரு பொறியாளரை அரை நாள் விடுவித்து, எங்கள் சோதனைத் தொகுப்பை அங்கே ஓட்டச் சொல்லுங்கள். முடிவோடு கெர்னல் பதிப்பையும் நினைவக விவரங்கள் அடங்கிய மெம்இன்ஃபோ கோப்பின் நகலையும் அனுப்பினால், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு கட்டற்ற கருவியின் பராமரிப்பாளர்