உன் மகளின் சுபாவமும் அந்த அறிக்கையும்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே அனைவரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நாம் ‘புயல்’ என்று அழைப்பவள் மறுபடியும் வேலையை மாற்றிக்கொண்டு, புதிய மேலாளரோடு முதல் வாரமே சண்டையைத் தொடங்கிவிட்டாள். மற்ற கதைகளை நேரில் சொல்கிறேன். நீ அனுப்பிய அறிக்கையைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

உன் மகளின் உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து மரபணுப் பரிசோதனை நிறுவனத்துக்கு அனுப்பி, அவள் எந்த வகை ஆளுமை உடையவள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாய். பளபளக்கும் தாள், ஒவ்வொரு குணத்துக்கும் எதிரே ஒரு வண்ணக் கட்டம். ‘உள்முக வகை’ என்பதற்கு நீலம், ‘புதுமை நாட்டம் குறைவு’ என்பதற்கு மஞ்சள், ‘பதற்றத்துக்கு ஆளாகக்கூடியவர்’ என்பதற்குச் சிவப்பு. அந்தச் சிவப்புக் கட்டத்தின் ஓரத்தில் நீ பேனாவால் ‘மாமனைப் போலவே’ என்று, மனச்சோர்வில் கிடந்த உன் தம்பியை நினைத்து எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அடிக்கோடிட்டிருக்கிறாய். கைரேகை பார்க்க வந்தவரை விடுதி வாசலிலேயே மடக்கி, கேள்வி மேல் கேள்வி கேட்டு விரட்டியவள் நீ. அப்படிப்பட்டவள் இன்று ஒரு வண்ணக் கட்டத்தைப் பார்த்துக் கலங்கி நிற்கிறாய் என்றால், உன் பயம் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் புரிகிறது. அதனால் இதை விரிவாகவே எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுபாவத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1875-இலேயே இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் பிறப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் பிரித்தறியலாம் என்று எழுதினார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கரு இரட்டையர் மற்ற உடன்பிறப்புகளைப் போல, மனிதருக்கு மனிதர் வேறுபடும் மரபுக்கூறுகளில் சராசரியாகப் பாதியை மட்டுமே பகிர்ந்துகொள்கிறார்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எந்த அளவுக்கு அதிகமாக ஒத்திருக்கிறார்கள் என்பதை வைத்து மரபின் பங்கு கணக்கிடப்படுகிறது. ஐம்பது ஆண்டுகால இரட்டையர் ஆய்வுகளை, 1.4 கோடிக்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளின் தரவுகளோடு திரட்டி 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, மனிதப் பண்புகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் மரபின் பங்கு சராசரியாக 49 விழுக்காடு என்றது. ஆளுமைப் பண்புகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்ட மற்றொரு தொகுப்பாய்வு, அதே ஆண்டில், ஏறக்குறைய 40 விழுக்காடு என்று சொன்னது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் பூஷார்ட் 1979-இல் தொடங்கிய ஆய்வை நீயும் எங்காவது படித்திருப்பாய்: பிறந்த சில வாரங்களில் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்து, 39 வயதில் சந்தித்துக்கொண்ட அந்த இரண்டு ‘ஜிம்’களின் கதை. இருவரும் ஒரே பெயருள்ள பெண்களை மணந்தார்கள் என்பதையே எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். மனைவியின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் மரபணு எதுவும் கிடையாது. இத்தனை விவரங்களை ஒப்பிட்டால் சில தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும். அந்த ஆய்வில் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு முடிவு. பிரிந்து வளர்ந்த ஒரே கரு இரட்டையர், ஒன்றாக வளர்ந்தவர்களைப் போலவே ஏறக்குறைய அதே அளவுக்குக் குணத்தில் ஒத்திருந்தார்கள். அதாவது ஒரே வீட்டில் வளர்வது மட்டுமே குணத்தை ஒன்றாக்கிவிடுவதில்லை. உன் கடிதத்தின் நடுவில், ‘நான்தான் அவளைப் பயந்தாங்கொள்ளியாக வளர்த்துவிட்டேனோ’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை இந்த ஆய்வின் பெயரால் அடித்துவிடு.

ஆனால் அந்த 40 என்ற எண்ணை உன்னைப் போலவே பலரும் தவறாக வாசிக்கிறார்கள். உன் மகளின் கூச்சத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு மரபணு, அறுபது பங்கு வளர்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு, மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தனி ஒருவரைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. உயரத்தில் மரபின் பங்கு ஏறக்குறைய 80 விழுக்காடு. ஆயினும் தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. அதற்குள் மரபணுக்கள் மாறிவிடவில்லை. உணவும் உடல்நலமும் மாறின. மரபின் பங்கு அதிகம் என்பதால் ஒன்று மாறவே மாறாது என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் இரட்டைக் குழந்தைகளை நீ பார்த்ததில்லை. பரிசோதனையிலேயே உறுதியான ஒரே கரு இரட்டையர். மச்சம் முதற்கொண்டு குழப்பம். வாசல் மணி அடித்தால் மூத்தவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வந்தவரின் பையில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். இளையவள் திரைச்சீலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வந்தவரின் செருப்பை மட்டும் பார்த்தபடி நிற்பாள். கால் மணி நேரம் கழிந்தால் அதே இளையவள்தான் வந்தவரின் மடியில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருப்பாள்; மூத்தவள் சலித்துப்போய் வேறு அறைக்குப் போயிருப்பாள். அவர்கள் இருவரின் உமிழ்நீரையும் நீ நாடிய அதே நிறுவனத்துக்கு அனுப்பினால், ஒரே அறிக்கையின் இரண்டு பிரதிகள்தான் திரும்பி வரும். ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே தாய். இருந்தும் இத்தனை வேறுபாடு. ஆளுமை ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பங்கு இப்படித்தான் விளக்கம் பெறாமல் நிற்கிறது. கருப்பையில் இருந்த இடம், ஒரு காய்ச்சல், ஒரு தோழி, மூளை வளரும்போது நேரும் தற்செயல்கள் என்று அதற்குள் எவ்வளவோ அடங்கும்.

இனி அந்த அறிக்கைக்கு வருகிறேன். ஐந்தாம் பக்கத்தில் உன் மகளின் ‘புதுமை நாட்டம் குறைவு’ என்பதற்கு ஆதாரமாக டிஆர்டி4 என்ற ஒரே ஒரு மரபணுவைக் காட்டியிருக்கிறார்கள். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏற்கும் ‘ஏற்பி’ ஒன்றை உருவாக்கும் இந்த மரபணுவுக்கும் புதுமை தேடும் குணத்துக்கும் தொடர்பு இருப்பதாக 1996-இல் இரண்டு குழுக்கள் எழுதின, உலகமே கொண்டாடியது. பிறகு மற்றவர்கள் திரும்பத் திரும்பச் சோதித்தபோது சீரான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. பதற்றத்துக்கு அவர்கள் காட்டும் செரோடோனின் (மற்றொரு மூளை வேதிப்பொருள்) கடத்தி மரபணுவும் அதே ஆண்டில் புகழ் பெற்றதுதான். 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவுகளைக் கொண்டு, மனச்சோர்வுக்குக் காரணம் என்று பெயர் பெற்ற 18 மரபணுக்களை ஒரு குழு சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் வேறு எந்த மரபணுவையும்விட அவற்றுக்குத் தனிச்சிறப்பு எதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு நிறுவனம் அந்தப் பெயர்களை ஒன்பது வயதுக் குழந்தையின் பெயருக்கு எதிரே அச்சடித்துப் பணம் வாங்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

உண்மை நிலை இதுதான். மனக்கலக்கத்துக்கு எளிதில் ஆளாகும் இயல்பைப் பற்றி 2018-இல் ஏறக்குறைய 4,49,000 பேரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்ததில், அதோடு தொடர்புடைய 136 இடங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றின் விளைவும் கடுகளவுக்கும் குறைவு. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் சில விழுக்காட்டுக்கு மேல் விளக்க முடிவதில்லை. இந்த எண்ணற்ற சிறு கூறுகளில் பாதி உன்னிடமிருந்தும் பாதி அவள் அப்பாவிடமிருந்தும், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் அவளுக்கு வந்திருக்கின்றன. மாமனோடு அவளுக்குப் பொதுவாக இருப்பது சராசரியாகக் கால் பங்குதான். ஆகவே ‘மாமனைப் போலவே’ என்பதை எந்தப் பரிசோதனைக்கூடமும் சொல்லவில்லை. அதை எழுதியது நீ.

‘வகை’ என்ற எண்ணத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. தாயும் மகளுமாகிய கேதரின் பிரிக்ஸும் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும், சுவிஸ் உளவியலாளர் யுங் 1921-இல் எழுதிய நூலை அடியொற்றி, ஒரு வினாத்தாளின் மூலம் மனிதர்களைப் பதினாறு பெட்டிகளாகப் பிரித்தார்கள். அலுவலகங்களில் அது இன்றும் பிரபலம்தான். ஆனால் சில வாரங்கள் கழித்து அதே வினாத்தாளை மறுபடியும் எழுதுபவர்களில் கணிசமானோர் வேறு பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். காரணம் எளிது: பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள், கோடு கிழித்தால் கோட்டின் மேலேயே நிற்பார்கள். இன்றைய ஆய்வாளர்கள் வகைகளை நாடாமல், புறமுகத் தன்மை, பொறுப்புணர்வு, இணக்கம், மனக்கலக்கம், புதியவற்றுக்கு இடம் தரும் மனம் ஆகிய ஐந்தையும் அளவுகோல்களாகக் கொள்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஏறவும் இறங்கவும் இடம் உண்டு. வயது கூடக் கூடச் சராசரியாகப் பொறுப்புணர்வு உயர்கிறது, மனக்கலக்கம் தணிகிறது என்பதும் பல நீண்டகால ஆய்வுகளில் தெரிந்த செய்தி.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே’ என்று நீ கேட்பாய். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன் அதைத்தான் தொட்டிலிலேயே சோதித்தார். நான்கு மாதக் குழந்தைகளின் முகத்துக்கு மேலே பொம்மைகளை ஆட்டியும், புதிய குரல்களையும் மணங்களையும் காட்டியும் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி, முதுகை வளைத்து அழுதது. அந்தக் குழந்தைகளில் பலர் பின்னாளில் புதியவர்களைக் கண்டு தயங்கினார்கள். ஆனால் கடுமையான கூச்சம் கொண்டவர்களாகவே வளர்ந்தவர்கள் சிறுபான்மையினர். இன்னொன்றையும் அந்தக் குழுவினர் கவனித்தார்கள்: எதற்கெடுத்தாலும் தூக்கி அணைத்துப் பாதுகாத்த தாய்மாரின் குழந்தைகளைவிட, அன்பாக இருந்துகொண்டே, ‘நீயே செய்து பார்’ என்று சற்று உறுதியாக நின்ற தாய்மாரின் குழந்தைகள் தங்கள் பயத்தை விரைவில் கடந்தார்கள். உன் மகள் பள்ளி மேடைக்கு ஏற மாட்டேன் என்றதும் நீ ஆசிரியரிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அடுத்த முறை எடுக்காதே. மேடை வேண்டாம் என்றால் நான்கு பேர் முன்னால், அதுவும் வேண்டாம் என்றால் ஒருவர் முன்னால், ஆனால் ஏதாவது ஒன்றை அவள் செய்யட்டும்.

இனி உன் தம்பி. அறைக்கதவைத் திறக்காமல் அவன் கிடந்த நாட்களில் உன்னோடு அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆகவே உன் பயத்தைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். மனச்சோர்வு குடும்பங்களில் தொடர்வதுண்டு. அதற்கும் மனக்கலக்க இயல்புக்கும் மரபணு அளவில் உறவும் உண்டு. ஆனால் சற்று நினைத்துப் பார். நாம் ‘மௌனச் சாமியார்’ என்று கேலி செய்த காலத்தில் அவன் நோயாளியாக இருந்தானா? சதுரங்கத்தில் நம் இருவரையும் ஒரே நேரத்தில் தோற்கடித்து, உதட்டோரம் சிரித்துக்கொண்டு எழுந்து போவான். நோய் பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேலையும் போய், அப்பாவும் போன அந்தக் காலத்தில் வந்தது. மருந்தும் சிகிச்சையும் கிடைத்தபின் அது நீங்கியது. இன்று அவன் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்றுக்கொடுக்கிறான். இன்றும் குறைவாகத்தான் பேசுகிறான். நோய் போயிற்று, அமைதி அவனோடு இருக்கிறது. இவை இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு உனக்கு உன் தம்பியே சான்று. உன் மகளிடம் நீ கவனிக்க வேண்டியது அவள் பேசாமல் இருப்பதை அல்ல. முன்பு பிடித்தவை பிடிக்காமல் போவது, தூக்கம் கெடுவது, வாரக்கணக்கில் வாட்டம் நீடிப்பது, இவற்றில் ஏதேனும் தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போ. குடும்ப வரலாற்றையும் மறைக்காமல் சொல். அது அந்த அறிக்கையைவிடப் பன்மடங்கு பயன் தரும் தகவல்.

அந்தத் தாள்கள் அவள் கண்ணில் பட வேண்டாம். அவள் எதையும் எழுத்துக்கூட்டாமல் படித்துவிடும் வயதுக்கு வந்துவிட்டாள். ‘நீ இந்த வகை’ என்று அச்சில் ஒரு முறை படித்துவிட்டால், கூட்டத்தில் பேச வரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்புக் கட்டம் அவள் நாக்கைப் பிடித்து இழுக்கும். உன் மாமியாரிடமும் அதைப் பற்றிப் பேசாதே. அடுத்த நாளே உறவு முழுக்கத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. அவளுடைய உமிழ்நீர் மாதிரியும் மரபணுத் தரவும் இன்னும் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கின்றன. அதில் அவளோடு நீயும், உன் தம்பியும், இனி பிறக்கப்போகிறவர்களும் ஓரளவு அடங்கியிருக்கிறீர்கள். அவளோ இதற்குச் சம்மதம் தரும் வயதில் இல்லை. நீ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பு. மாதிரியையும் தரவையும் அழிக்கச் சொல்லும் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். தம்பியை நான் விசாரித்ததாகச் சொல். சதுரங்கத்தில் அவனுக்கும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்றும் சொல்.

அன்புடன்,
உன் தோழி