முகத்தைக் கடைசியில் வை

காரைக்குடி

அன்பு மகள் உமையாளுக்கு,

ஆத்தா எழுதுவது. பழைய கணக்குப் பேரேட்டுத் தாளை ஒட்டி, வண்ணம் பூசி நீ அனுப்பிய மூன்று படங்களையும் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன், கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன். "கைபோன போக்கில்தான் போடுகிறேன், உருவம் மட்டும் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறாய். கைபோன போக்கில் நீ போடவில்லை. மூன்றிலும் கண், மூக்கு, வாய் என்று முகத்தை முதலில் முடித்துவிட்டு, அந்த முகத்துக்கு ஓர் உடம்பைத் தேடி அலைந்திருக்கிறாய். முகம் முடிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குச் சேவகம் பண்ணத்தான் நேரம் சரியாக இருக்கும். தோளைச் சாய்க்கப் பயம், கழுத்தை நீட்டப் பயம். இரண்டாவது படத்தில் கை சூம்பிப் போனதற்கு வேறு காரணம் இல்லை, கீழே இடம் தீர்ந்துவிட்டது.

ஆத்தங்குடிக் கல் எப்படிப் பண்ணுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பை முதலில் ஊற்றுவார்கள். பிறகு உலர்ந்த மணல் சிமெண்ட், அதன்மேல் கலவை. அங்கே முகம் முதலில், முதுகு கடைசியில். நம் வேலை அப்படியே அதற்கு எதிர்.

பலகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தாளும் மையும் மட்டும் என்றால் 300 ஜி.எஸ்.எம். தாள் போதும், நான்கு ஓரமும் டேப் போட்டுப் பலகையில் இறுக்கிக்கொள். சீலைத் துணி, கொட்டான் (பனையோலைக் கூடை) ஓலை என்று கனமாக ஏதாவது ஒட்டப்போகிறாய் என்றால் தாள் தாங்காது, 6 மி.மீ. ப்ளைவுட் எடு. எதுவும் பூசாத மரத்தில் நேரே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசினால் மரத்தின் சாறு ஏறி, நாளாவட்டத்தில் மஞ்சள் கறையாக வெளியே வரும். முதலில் வண்ணமில்லாத அக்ரிலிக் மீடியம் ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, பிறகு ஜெஸ்ஸோ இரண்டு கை. ஒன்று கிடைமட்டமாக, காய்ந்த பிறகு இன்னொன்று செங்குத்தாக. பின்பக்கமும் ஒரு கை பூசு, இல்லாவிட்டால் பலகை அப்பளம் மாதிரி வளையும். உன் வீட்டு நிலவறையில் குளிர்காலத்தில் வேலை செய்வதாகச் சொன்னாய். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் சரியாகப் படலம் கட்டாது. காய்ந்தது போல் இருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். ஹீட்டர் போட்டு அறை சூடான பிறகு டியூபைத் திற.

முதல் அடுக்குக்கு இருபது நிமிடம், மூன்றே வண்ணம். பிரஷ் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டை, கந்தல் துணி, இடது கை போதும். எதையும் வரையாதே, இழு, தேய், ஒற்று. காவியும் பச்சையும் ஈரமாக ஒன்றோடொன்று கலந்தால் சேறாகிவிடும். உன் முதல் படத்தின் சாணிப் பழுப்பு அப்படி வந்ததுதான். காவியைப் போட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வா, மெல்லிய பூச்சு அதற்குள் காய்ந்திருக்கும். அப்புறம் பச்சையை வைத்தால் இரண்டும் தனித்தனியே பேசும். கொட்டானின் பின்னலை மெல்லிய தாளில் தேய்த்து எடுத்து அதையும் ஒட்டலாம். ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையின் ரேகைகளைத் தேய்த்து எடுத்துத்தான் உருவங்களைத் தேடினார். ஆனால் மெழுகு க்ரேயானால் தேய்க்காதே, கிராஃபைட் கட்டியால் தேய். மெழுகின் மேல் எந்த அக்ரிலிக்கும் பிடிக்காது.

இனித்தான் உருவத்தைத் தேடுவது. படத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார். நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார். ஈரச் சுவரின் கறைகளில் மலையும் மனிதர்களும் தெரிவார்கள் என்று லியொனார்டோ டா வின்சி மாணவர்களுக்கு எழுதி வைத்தார். மழைக்காலத்தில் நம் தெருக் கோடி மதிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தேட வேண்டியது மூன்றே மூன்று: தோளாகக்கூடிய ஒரு சாய்வு, பாரம் இறங்கும் ஒரு நெடுக்கு, தலையளவு ஒரு வட்டம். மூன்றும் கிடைத்துவிட்டால் வெள்ளைச் சாக்பீஸால் லேசாகக் குறித்துக்கொள். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் உருவத்தைத் திணிக்காதே. இன்னும் ஒரு அடுக்கு போடு.

உள்ளுணர்வு என்று எல்லாரும் பெரிதாகச் சொல்வது இந்த இடத்தில் கண் சட்டென்று பதில் சொல்வதைத்தான். அந்தப் பதில் சும்மா வராது. அளவு கண்ணில் ஊறியிருக்க வேண்டும். நிற்கும் ஆள் ஏழு, ஏழரைத் தலை உயரம். சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கு தலை. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை உள்ள நீளம், மோவாயிலிருந்து நெற்றி மயிர் வரை உள்ள நீளம். சிற்பிகள் தாளம் என்று சொல்வதும் இந்த முகநீளத்தைத்தான். அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்துக்கொண்டு, பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாளச் சிலையை 124 அங்குல உயரத்துக்கு வகுப்பார்கள். கணக்குப் போட்டுவிட்டுத்தான் உளியை ஓடவிடுகிறார்கள். அளவை மீறலாம், கழுத்தை ஒரு தலை நீளத்துக்கு இழுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பாரம் மட்டும் பிசகக்கூடாது. ஒற்றைக்காலில் பாரம் கொடுத்து நிற்பவளின் தொண்டைக்குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அந்தக் காலின் பாதத்தில் விழ வேண்டும். அது விலகினால் முகம் எத்தனை அழகாக இருந்தாலும் அவள் விழுந்துகொண்டுதான் இருப்பாள்.

குறித்த பிறகு உருவத்தை வரையாதே, சுற்றியிருப்பதை மூடு. டைட்டானியம் வெள்ளை நான்கு பங்கு, மஞ்சள் ஓக்கர் ஒரு பங்கு, தீக்குச்சி முனையளவு கறுப்பு. தோசை மாவுப் பதம். ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் தோளுக்கு வெளியே, கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள சந்தில், தலைக்கு மேலே என்று பூசிக்கொண்டே போ. கீழ் அடுக்கின் காவியும் எழுத்தும் உடம்பாக மிஞ்சும். டைட்டானியம் கலந்தால்தான் மறைக்கும். தேலோ நீலம் போன்ற கண்ணாடி வண்ணத்தை எத்தனை தடவை பூசினாலும் அடியில் உள்ளது தெரிந்துகொண்டே இருக்கும். முழுதாக மூடிவிடவும் கூடாது. மூடிய இடத்திலேயே உள்ளங்கையளவு இரண்டு மூன்று சன்னல்கள் விட்டு வை, இல்லையென்றால் உருவம் வெட்டி ஒட்டியது போல் துருத்தும். விளிம்பையும் எல்லா இடத்திலும் கூராக விடாதே. பாரம் தாங்கும் இடுப்பு, முன்னால் வரும் தோள், இந்த இரண்டில் மட்டும் கூர். மற்ற இடங்களில் ஈரமாக இருக்கும்போதே விரலால் தேய்த்துக் கரைத்துவிடு.

ஒட்டும் வேலை. பேரேட்டின் அசல் தாளைத் தயவுசெய்து வெட்டாதே. அது ஒரு வீட்டின் கணக்கு, இனி யாரும் எழுதப்போவதில்லை. தவிர அந்த மை ஈரம் பட்டால் ஓடும். லேசர் நகல் எடுத்து அதை ஒட்டு. இங்க்ஜெட் நகலும் ஓடும், ஏமாறாதே. செய்தித்தாளை ஒட்டினால் சீக்கிரமே பழுத்து மொறமொறவென்று ஆகிவிடும். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் செய்யும் வேலை. மைதாப் பசை கூடவே கூடாது, இங்கே வந்து தொங்கும் நாளில் இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகிவிடும். மரவேலைக்கு உள்ள வெள்ளைப் பசை ஈரத்தில் மறுபடி இளகும். பளபளக்காத அக்ரிலிக் மீடியமான மேட் மீடியம்தான் சரி. பலகையிலும் தாளின் முதுகிலும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளி, மேலே இன்னொரு கை. தாள் ஈரத்தில் விரிவதால்தான் கொப்புளம் வருகிறது. கனத்த தாள் என்றால் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒற்றி எடுத்து, அப்புறம் ஒட்டு. காய்ந்த பிறகும் கொப்புளம் நின்றால் பிளேடால் சின்னக் கீறல் போட்டு, உள்ளே மீடியம் விட்டு, வெண்ணெய்த்தாள் வைத்து அழுத்து.

கண்டாங்கிச் சீலைத் துணியை முதலில் கஞ்சி போக அலசு. வெட்டுவதற்கு முன் மீடியம் ஒரு கை பூசிக் காயவிட்டால் நூல் பிரியாது. வெட்டும்போது உடம்பின் கோட்டோடு வெட்டாதே. துணியின் விளிம்பு உருவத்தின் விளிம்பைக் குறுக்கே கடந்து போகட்டும். கட்டம் தோளில் ஆரம்பித்துப் பின்னணியில் போய் முடியட்டும். கோட்டோடு வெட்டினால் பொம்மைக்குச் சீலை கட்டினது போல் ஆகிவிடும். பொம்மைச் சீலைக்கும் நம் ஊரில் ஓர் அழகு உண்டு என்பது வேறு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு வந்த லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நம் பக்கத்து வீடுகளில் துணியும் ஜரிகையும் சம்க்கியும் ஒட்டிச் சட்டம் போட்டார்கள். மிக்ஸட் மீடியா என்ற பெயர் இங்கே வருவதற்கு முன்பே பட்டாலைக் கூடத்துச் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படங்களைக் கிட்டப் போய்ப் பார், கெடும் விதமும் தெரியும்: ஜரிகை கறுத்திருக்கும், பசை துணியில் ஊறிக் கறை பிடித்திருக்கும், கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அரை சென்டிமீட்டராவது இடைவெளி விடச் சொல்.

ஆயில் பேஸ்டல் எப்போதும் கடைசி. அதன்மேல் அக்ரிலிக் பூசினால் தோலாக உரிந்து வரும், வார்னிஷ் பிரஷ்ஷை இழுத்தால் ஈஷிக்கொள்ளும். கரித்துண்டு வழவழப்பான அக்ரிலிக் மேல் பிடிக்காது, மேட் மீடியம் காய்ந்த சொரசொரப்பில் பிடிக்கும். கரி உதிராமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஓர் அடி தள்ளி இரண்டு லேசான தூவல், வெளியே வைத்து.

உன் மூன்றாவது படத்துக்கு வருகிறேன். அதை விட்டுவிடாதே. இடது பக்கம், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், நீ அட்டையால் சுரண்டி எடுத்த காவித் திட்டு இருக்கிறதே, படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் அதுதான் தோள். அதற்குக் கீழே கணக்கு எண்கள் உள்ள தாள் சரிந்து முழங்கை மாதிரி மடிகிறது. குத்துக்காலிட்டு, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்த ஒரு பெண். அவளை நீ போடவில்லை, தானாக வந்திருக்கிறாள். வேலை எல்லாம் நீ வரைந்த அந்த முகத்தை மூடுவதுதான். மனசு வராது, தெரியும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மேலே சொன்ன வெள்ளையைப் பூசு. புது முகத்துக்குக் கண் இரண்டும் வேண்டாம். கண்குழியின் நிழல், மூக்கின் அடியில் ஒரு நிழல், அவ்வளவே. அடர்ந்த கறுப்பும் பளிச்சென்ற வெள்ளையும் அடுத்தடுத்து வருவது படம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கட்டும், அது முழங்காலில் ஊன்றிய கையில் இருக்கட்டும்.

அனுப்பும்போது சுருட்டாதே, குளிரில் அக்ரிலிக் விறைத்து வெடிக்கும். முகத்தோடு முகம் வைக்காதே, இங்கே கத்திரி வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் சிலிகான் பூசிய பேக்கிங் தாள் வைத்துத் தட்டையாகக் கட்டு.

பார்சலில் கண்டாங்கித் துண்டு இரண்டும், பேரேட்டின் லேசர் நகல் பன்னிரண்டும் வைத்திருக்கிறேன். மஞ்சள் துண்டு அலசியாயிற்று. அரக்குச் சிவப்பை மூன்று தண்ணீர் அலசியும் வெள்ளைத் துணியில் தேய்த்தால் இன்னும் சாயம் விடுகிறது. அதை நேரே வெள்ளையின் மேல் ஒட்டாதே, காவியின் மேல் ஒட்டு.

ஆத்தா