எலி மூத்திரம் பிடிக்கிற வேலை

கயலுக்கு,

நேற்று போனில் "எம்.எஸ்சி. படிச்சிட்டு எலி மூத்திரம் பிடிச்சிட்டு இருக்கேன்ப்பா" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை கண்ணு, 28 வருஷம் நான் பார்த்ததும் அதே வேலைதான்.

உங்கள் மெட்டபாலிக் கூண்டு எப்படியோ, எங்களுடையதில் அடியில் ஒரு புனல், புழுக்கை ஒரு பக்கம் விழும், மூத்திரம் இன்னொரு பக்கம். கீழே இருக்கிற ட்யூபில் சாயங்காலமே கொஞ்சம் லிக்விட் பாரஃபின் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். மூத்திரம் அதற்கு அடியில் போய்த் தங்கிவிடும், ஆவியாகாது. நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், நல்ல மே மாதம், ஒரு வரிசைக் கூண்டுக்கு மட்டும் எண்ணெய் விட மறந்து, ஃபேனையும் நிறுத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதுவும் மருந்து கொடுத்த எலிகளின் வரிசை. மறுநாள் மூத்திரத்தின் செறிவை அளக்கிற ஆஸ்மோமீட்டர் 3000 பக்கத்தில் காட்டியது. தண்ணீரே கொடுக்காத எலிதான் அந்த அளவுக்குப் போகும், எங்கள் எலிகளோ ராத்திரி முழுக்கக் குடித்தவை. மருந்து வேலை செய்கிறது என்று சாருக்கு ஒரே சந்தோஷம், கிராஃபே போட்டுவிட்டார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் போய்ச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கிராஃபை மடித்துக் குப்பையில் போட்டார், அப்புறம் ஒரு மாசம் எனக்கு டீ சொல்லவில்லை.

உங்கள் டென்மார்க் ஆர்ஹூஸ் குளிரில் ஃபேன் இருக்காது, சரி. ஹீட்டர் காற்றும் காய்ந்த காற்றுதான்.

நம் சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, வெளியே வருவது ஒன்றரை லிட்டர். மீதி எந்த இடத்தில் ரத்தத்துக்குத் திரும்புகிறது என்று பார்த்ததெல்லாம் கைவேலையால்தான். 1920-களில் ஃபிலடெல்பியாவில் வேர்னும் ரிச்சர்ட்ஸும் தவளையின் ஒரே ஒரு குளோமருலஸில், அதாவது சிறுநீரகத்தில் வடிகட்டுகிற ரத்தக்குழாய் முடிச்சில், கண்ணாடி ஊசியைக் குத்தித் திரவம் எடுத்தார்கள். 1966-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் மோரிஸ் பர்க்கின் குழு முயலின் ஒற்றைச் சிறுநீரகக் குழலைப் பிரித்தெடுத்து, அதற்குள் திரவத்தை ஓடவிட்டது. உன்னையும் குழல் பிரிக்கப் பழகச் சொன்னார்கள் என்றாயே, அதை விட்டுவிடாதே. காபியைக் குறை, கை நடுங்கும்.

இன்னொன்று. மூத்திரத்தில் வரும் தசைக் கழிவான கிரியேட்டினினை அளக்க அங்கே பிக்ரிக் அமிலம் வைத்திருந்தால், மூடியைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்திருக்கிற பாட்டிலைத் திறக்காதே, நகர்த்தவும் செய்யாதே. காய்ந்தால் வெடிக்கும். சீனியர் யாரையாவது கூப்பிடு.

பார்சல் வந்ததும் சொல், அம்மா பருப்புப்பொடியைத் தனியாகக் கட்டியிருக்கிறாள்.

அப்பா