‘நான் ஒருத்தன் போட்டால் என்ன?’

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆற்றில் குப்பைப் பையை வீசிவிட்டுக் கையை உதறியபடி ஒருவர் சொல்கிறார்: “நான் ஒருத்தன் போட்டால் என்ன ஆகிவிடும்? ஆலைக்காரன் விடாத கழிவா?” தப்பு என்று உள்ளுக்குள் தெரிந்தவர்தான் இப்படிச் சமாதானம் தேடுவார். சமூகவியலாளர்கள் சைக்ஸும் மாட்சாவும் 1957-இல், சட்டத்தை மீறும் சிறுவர்கள் சொல்லும் சாக்குகளை வகைப்படுத்தினார்கள். பொறுப்பு என்னுடையது இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை, கேட்கிறவன் மட்டும் யோக்கியமா... அப்படியே பொருந்துகிறது! அதிலும், ‘யாருக்கும் நஷ்டமில்லை’ என்பது ஆற்றின் விஷயத்தில் சுலபமாக எடுபடுகிறது. அது எழுந்து வந்து மறுக்கப்போவதில்லையே. அதுதான் எனக்கு ஆற்றாமை. ‘குப்பை கொட்டாதீர்’ என்று பலகை வைப்பவர்கள், சரி, இந்தச் சாக்குகளுக்கான பதிலையும் அதிலேயே எழுதி வைக்கட்டும்.

– ஒரு வாசகர்