பசுமைக்குடில் மானியத்தோடு ஒரு சப்-மீட்டரும் வேண்டும்

தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமைக்குடிலுக்கு மானியம் சதுர மீட்டர் கணக்கில் வருகிறது. குடில் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு கிலோ குடைமிளகாய்க்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஃபேன்-பேட் (ஒரு பக்கச் சுவரில் தண்ணீரில் நனையும் மடிப்பு அட்டையான பேட், எதிர்ப்பக்கம் அதன் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஃபேன்) வைத்த ஒவ்வொரு குடிலுக்கும், அந்தக் குடிலின் மின்சாரத்தை மட்டும் அளக்கும் தனி சப்-மீட்டரைக் கட்டாயமாக்குங்கள். அதன் விலையையும் மானியத்தில் சேருங்கள்.

மின்செலவு சின்னதில்லை. 1,000 சதுர மீட்டர் குடில், சராசரி உயரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுதாக மாற 50 அங்குல ஃபேன் ஆறேழு வேண்டும். ஏழு 1.5 எச்.பி. மோட்டாரும் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 60 யூனிட்டைத் தாண்டும்.

உள்ளே சூடு இறங்கவில்லை என்றதும் இன்னொரு ஃபேன் மாட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து முதலில் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படாமல் இரண்டு தெர்மாமீட்டர் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, விசிறிக்கொண்டே பார்க்க வேண்டும். வெளியே 36 டிகிரி, ஈரத்துணியில் 24 என்றால், நல்ல பேடைக் கடந்து வரும் காற்று 26, 27-இல் இருக்கும். 30 காட்டினால் பேட் பாதி வேலைதான் செய்கிறது.

காரணம் பெரும்பாலும் போர்வெல் உப்பு. பேடின் மடிப்புகளில் வெள்ளையாகப் படிந்து காற்றின் வழியை அடைத்துவிடும். பேடை நனைக்கும் தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை அன்றாடம் வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். மாலையில் பம்பை முதலில் நிறுத்தி, பேட் காயும்வரை ஃபேனை ஓடவிட்டால் பாசியும் பிடிக்காது.

அடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு முழ பிளாஸ்டிக் டியூபை 'யு' போல வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை உள்ளேயும் மறுமுனையை வெளியேயும் வைத்தால் போதும். ஃபேன் ஓடும்போது நீர்மட்ட வித்தியாசம் 2, 3 மில்லிமீட்டர் இருப்பது இயல்பு. 5 தாண்டினால் பேட் அடைத்திருக்கிறது. வித்தியாசமே இல்லாமல் சூடும் குறையாவிட்டால், குடிலின் பிளாஸ்டிக் ஷீட் கிழிசலிலோ திறந்த கதவிலோ காற்று குறுக்கே புகுகிறது, அல்லது பெல்ட் தளர்ந்து ஃபேன் வேகம் இழந்திருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

ஆய்வுக்கு வரும் உதவி அலுவலர்களிடம் இந்த டியூபும் தெர்மாமீட்டர்களும் இருக்கட்டும். ஆய்வுப் படிவத்தில் மீட்டர் அளவுக்கும் அறுவடை எடைக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
பசுமைக்குடில் அமைப்பு, பராமரிப்புப் பணியாளர்கள்,
ஓசூர் வட்டாரம்