கண்ணாடியில் மட்டும் பிடித்த 'நிரந்தர' கிருமி எதிர்ப்புப் பூச்சு: பணத்தைத் திரும்பக் கோரும் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், குழந்தைகள் பகல்நேரக் காப்பகம், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: மேசைகளில் பிடிக்காத கிருமி எதிர்ப்புப் பூச்சு தொடர்பாக.

ஐயா,

கடந்த ஜூன் மாதம் உங்கள் ஊழியர்கள் இருவர் வந்து, எங்கள் காப்பகத்தின் சாப்பாட்டு மேசைகளிலும் ஜன்னல் கண்ணாடிகளிலும் பூச்சு தெளித்துவிட்டுப் போனார்கள். 18,500 ரூபாய் கொடுத்தேன். ரசீது நகலை இணைத்திருக்கிறேன்.

விற்க வந்த உங்கள் பிரதிநிதி விவரமாகத்தான் பேசினார். மூலக்கூறின் சிலேன் முனை (சிலிக்கன் உள்ள முனை) பரப்போடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துகொள்ளும்; மறுமுனையில் நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரஜனும் 18 கார்பன் நீளச் சங்கிலியும் நின்று, எதிர்மின்னேற்றம் உள்ள பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்துவிடும் என்றார். பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். அவர் சொன்னதில் பொய் இல்லை. 1970-களிலிருந்து அறியப்பட்ட வேதியியல்தான். கையோடு கொண்டுவந்த கண்ணாடித் துண்டில் புரோமோஃபீனால் நீலச் சாயத்தை விட்டு, தண்ணீரில் அலசியும் நீலம் போகாததைக் காட்டினார். எதிர்மின்னேற்றம் உள்ள அந்தச் சாயம் பூச்சின் நேர்மின்னேற்றத்தில் ஒட்டிக்கொள்ளும்; நீலம் நின்றால் பூச்சு இருக்கிறது என்று பொருள். அங்கேதான் நான் ஏமாந்தேன். கண்ணாடியில் காட்டுகிறாரே, மேசையில் காட்டச் சொல்வோம் என்று அப்போது தோன்றவில்லை.

"இனி மேசைகளைத் துடைக்கவே வேண்டாம், அம்மா" என்றும் சொன்னார். எங்கள் ஆயா அதை அப்படியே நம்பினார். மூன்றாம் நாள் பருப்பும் தயிர்சாதமும் காய்ந்து பொருக்காகிவிட்டன. பூச்சிலிருந்து மருந்து எதுவும் கசிந்து வராது. தன்னைத் தொடும் கிருமியைத்தான் அது கொல்லும். பொருக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கிருமியை அது எப்படித் தொடும்? அன்றே பழையபடி சோப்புத் தண்ணீரால் கழுவச் சொல்லிவிட்டேன்.

நவம்பரில் அதே சாயத்தை வாங்கி நானே சோதித்தேன். ஜன்னல் கண்ணாடியில் நீலம் அழுத்தமாக நின்றது. சன்மைக்கா ஒட்டிய மேசைகளில் ஒரே அலசலில் போய்விட்டது. பூச்சே படாத பழைய பலகை ஒன்றையும் சோதித்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தொலைபேசியில் அழைத்தபோது, "சோப்பு போட்டிருப்பீர்கள், அதனால் உத்தரவாதம் செல்லாது" என்றார்கள். சாதாரண சோப்பின் எதிர்மின்னேற்றம் பூச்சின் நேர்மின்னேற்றத்தை மறைக்கக்கூடும் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் பிள்ளைகள் சாப்பிடும் மேசைக்கு இதை விற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? போகட்டும். அதே நாளில் பூச்சு தெளித்து, மடக்கி ஸ்டோர் அறையில் வைத்த ஒரு மேசை இருக்கிறது. அதன் மேல் இன்றுவரை சோப்பும் படவில்லை, சோறும் படவில்லை. அதிலும் நீலம் நிற்கவில்லை. தேய்ந்து போகவில்லை, ஐயா, முதலிலேயே பிடிக்கவில்லை. சிலேன் பற்றிக்கொள்ளத் தேவையான ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) கண்ணாடியில் ஏராளம். அவை அவ்வளவு இல்லாத எங்கள் சன்மைக்கா மேசைக்கு முன்தயாரிப்பு எதுவும் செய்யாமல் தெளித்துவிட்டுப் போனார்கள்.

நீங்கள் கொடுத்த ஆய்வக அறிக்கையையும் இப்போதுதான் முழுதாகப் படித்தேன். கிருமி எதிர்ப்புப் பரப்புகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சர்வதேச முறை, சோதித்த பரப்பு கண்ணாடி. கிருமி கலந்த திரவத்தை விட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடி, 35 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் ஈரம் காயாமல் வைத்துக் கிடைத்த முடிவு அது. உங்கள் விளம்பரத்தில் உள்ள '99.9%' அங்கிருந்து வந்ததுதான். எங்கள் பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியில் சாப்பிடுவதில்லை. மேசையும் நாள் முழுவதும் ஈரமாக இருப்பதில்லை.

வாசலில் நீங்கள் ஒட்டிய 'கிருமியற்ற இடம்' ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். பெற்றோர் அதை நம்பிப் பிள்ளைகளை விட்டுப் போவது எனக்கு உறுத்தலாக இருந்தது.

கண்ணாடிக்கான 4,000 ரூபாயை நான் கேட்கவில்லை. அந்த வேலை சரியாக நடந்திருக்கிறது. மேசைகளுக்கான 14,500 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சன்மைக்கா பரப்பில் செய்த சோதனை அறிக்கை இருந்தால் அதையும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஸ்டோர் அறை மேசையைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் எந்த வேலை நாளிலும் சாயத்தோடு வந்து சோதித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
காப்பக உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஆய்வக அறிக்கை நகல், சாயச் சோதனைப் புகைப்படங்கள்.